எத்திராஜ் கழற்றிக்கொண்டு போன கைப்பிடி

அந்தத் திங்கட்கிழமை காலை எத்திராஜை மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். மூன்று முறையும் மணி அடித்து ஓய்ந்தது. எங்கள் படகை விலைக்குப் பார்க்க ஒருவர் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முன் இன்ஜினை ஒருமுறை ஓட்டிப் பார்த்து வைக்க வேண்டும். அழைப்பை எடுக்காத மனிதரிடம் சொல்வதற்கு நான்கு வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு நான்காவது முறை அழைத்தேன். எடுத்தவர் அவருடைய பட்டறைக் கூட்டாளி அன்வர். எத்திராஜ் சனிக்கிழமை மத்தியானம் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது, நேற்று எல்லாம் முடிந்துவிட்டது என்றார். நான் தயார் செய்திருந்த முதல் வாக்கியம் நாக்கு வரை வந்துவிட்டிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல், "படகு?" என்று கேட்டேன். அவ்வளவு மோசமான ஒரு சொல்லை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. அன்வர், "நான் வரேன் மேடம்" என்றார்.

நம் தமிழ்ச் சங்கத்தில் எத்திராஜைத் தெரியாதவர்கள் குறைவு. பொங்கல் விழா மேடையில் மின்சாரம் போகும்போதெல்லாம், பின்பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர்தான். விளக்கு எரிந்ததும் நாம் எல்லோரும் மேடையைப் பார்த்துத்தான் கைதட்டினோம். அவரைப் பற்றி நம்மில் சிலரிடம் ஒரு கருத்து உண்டு: கைதேர்ந்தவர், ஆனால் கவனம் போதாதவர். அந்தக் கருத்தைப் பரப்பியவள் நான். அது தவறு. நம் சங்க மலருக்கு இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

நான் படித்த கான்வென்ட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டாவிட்டால் பாதி மதிப்பெண்தான் போடுவார். எனக்கு இப்போது விடை தெரியும். வழிதான் முழுதாகப் பிடிபடவில்லை. தெரிந்தவரையில் வரிசையாக எழுதுகிறேன்.

என் கணவர் பொதுப்பணித் துறையில் ஏரிகளையும் மதகுகளையும் அளந்தே தம் வேலைக்காலத்தைக் கழித்தவர். ஓய்வு பெற்று சில வருஷங்கள் கழித்து, அதுவரை கரையில் நின்று பார்த்த தண்ணீரின்மேல் ஒரு தடவையாவது வேகமாகப் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு பழைய ஜெட் படகை வாங்கிவிட்டார். அல்சூரில் எங்கள் வீட்டு வாசலுக்கு அது ட்ரெய்லர்மேல் வந்து நின்றபோது, உள்ளே விடுவதற்கு என் குரோட்டன்ஸ் தொட்டிகள் பதினான்கையும் நகர்த்த வேண்டியிருந்தது. முந்தைய சொந்தக்காரர் படகோடு வர வேண்டிய கையேட்டைத் தரவில்லை. தொலைந்துவிட்டதாம். கையேடு இல்லாத இயந்திரத்தை வாங்கலாமா என்று நான் கேட்டேன். "நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் என் கணவர்.

ஜெட் படகுக்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி, அந்த உந்தலில் போகும். இன்ஜின் சூடேறாமல் காப்பதும் அதே ஏரித் தண்ணீர்தான். படகு தரையில் நிற்கும்போது இன்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், தோட்டத்துக் குழாயிலிருந்து ரப்பர் குழாய் போட்டு அதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வந்த இரண்டாவது வாரமே படகு மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் இருமியது, உதறியது, அடங்கியது. என் கொழுந்தனார் நகருக்கு வெளியே உள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் படகுச் சங்கம் ஒன்றின் கமிட்டியில் இருக்கிறார். அவர் வந்து படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுல மண்ணைப் போட்டு துளசி வெச்சா அருமையா வரும்" என்றார். என் கணவரும் சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க அவர் வாசல் பக்கம் போகவில்லை.

எத்திராஜ் வந்தது அப்போதுதான். அடுகோடி வட்டாரத்தில் இருந்த அவருடைய பட்டறைக்கு வருவது பெரும்பாலும் கார்களும் ஜெனரேட்டர்களும். ஏரிகளில் மீன் குத்தகை எடுத்தவர்களின் படகு இன்ஜின்களையும் அவர்தான் பார்த்துவந்தார். செருப்பை ட்ரெய்லருக்கு அருகே விட்டுவிட்டுப் படகில் ஏறினார். இன்ஜினின் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். "மொதல்ல மூக்கு சார், அப்புறம்தான் ஸ்பேனர்" என்று சொல்லிவிட்டு அதை என் பக்கம் நீட்டினார். "மேடம், நீங்களும் மோந்து பாருங்க." என் வீட்டில் யாரும் என்னிடம் அப்படி எதையும் நீட்டியதில்லை. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனைக்குள் மழையில் நனைந்த இரும்பு கேட்டின் வாசனை. அதைச் சொன்னதும், "அதேதான் மேடம், உள்ள தண்ணி போயிருக்கு" என்றார். பிளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு என் கணவரைச் சாவியைத் திருப்பச் சொன்னார். இன்ஜினிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்து என் கஞ்சி போட்ட கைத்தறிப் புடவையை நனைத்தது. "சிக்கிட்டான்!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. முதல் தடவை பெட்ரோல் டாங்கில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டாங்கைக் கழுவினார். இரண்டாவது தடவை இன்ஜினின் தலைப்பகுதியில் கசிவைத் தடுக்கும் காஸ்கெட்டை மாற்றினார். மூன்றாவது தடவை இன்ஜினை முழுக்கப் பிரித்து, எங்காவது விரிசல் இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுகோடியில் மணிக்கணக்கில் ஓடியது. அல்சூருக்கு வந்து இரண்டு சனிக்கிழமைகள் கழிந்ததும் மறுபடி இருமியது.

"மேடம், என் பட்டறையில இது நல்ல பிள்ளை. உங்க வீட்டுக்கு வந்தா ஜுரம் வருது" என்றார் ஒருநாள், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

"அப்படின்னா தப்பு என் வீட்டுலன்னு சொல்றீங்களா, எத்திராஜ்?"

"ஐயோ, சும்னே, சும்மா சொன்னேன் மேடம்" என்று எழுந்துகொண்டார்.

நான் விடவில்லை. ஒரு வேலையை மூன்று தடவை செய்பவர் ஒரு தடவைகூடச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தபடி, "தண்ணி குடுத்துத்தானே சார் ஸ்டார்ட் பண்றீங்க?" என்று என் கணவரைக் கேட்டார். என் கணவருக்குச் சுருக்கென்றது. தண்ணீர் இல்லாமல் ஒருநாள்கூடச் சாவியைத் தொட்டதில்லை என்றார். அது உண்மை. ஏனென்றால் தண்ணீர் என் பொறுப்பு.

வாரம் ஒருமுறை இன்ஜினை ஓட்டி வைக்கும் சனிக்கிழமை ஏற்பாடு இதுதான். என் கணவருக்கு முழங்கால் வலி, குனிய முடியாது. ஆறே முக்காலுக்கு நான் ரப்பர் குழாயை இன்ஜினில் மாட்டி, தோட்டத்துக் குழாயைத் திறந்துவிடுவேன். அவர் காபியைக் குடித்து, சாமி கும்பிட்டு, மெதுவாகப் படகில் ஏறி உட்கார ஏழு மணி ஆகிவிடும். "தண்ணி?" என்பார். "தயார்" என்பேன். சாவியைத் திருப்புவார். வெந்நீர்க் கொதிகலனில் தண்ணீர் நிரம்பாமல் சுவிட்சைப் போடக்கூடாது என்பது என் வீட்டில் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நான் முதல் நாளே சொல்லும் விதி. தண்ணீர் முதலில், சூடு பிறகு. படகுக்கும் அதையே கடைப்பிடித்தேன். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் என் கணவர் படகைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் தம்பியிடம் தொலைபேசியில், "ஏமாந்துட்டேன்டா, ஒத்துக்கறேன்" என்று சொல்வது காதில் விழுந்தது. அணைக்கட்டுகளுக்கு மதிப்பீடு போட்டு, மேலதிகாரிகளோடு வாதாடி ஜெயித்த மனிதர் அவர். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அன்றிலிருந்து எத்திராஜ்மேல் எனக்குக் கோபம் கூடிற்று.

நான்காவது தடவை படகை எடுத்துப் போனபோது எத்திராஜ் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நேரே நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுவருகிறேன், நீங்கள் காரில் வந்துவிடுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு சந்தேகம் மேடம்" என்பதற்குமேல் பேசவில்லை.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. என் கணவர் வேலைக்காலத்துக் கான்வாஸ் தொப்பியைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் கரையிலேயே நிற்கிறேன் என்றேன். அவர் வாதாடவில்லை. படகில் உட்கார்ந்துகொண்டு, "வா" என்றார். அவ்வளவுதான். கைப்பையோடு ஏறி உட்கார்ந்தேன். முதல் திருப்பலிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருமவில்லை, உதறவில்லை. கரை பின்னால் ஓடியது. என் கணவர் சத்தம் போட்டுச் சிரித்தார். இவர் இப்படிச் சிரிப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரியும். மூன்று சுற்றுச் சுற்றினோம். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மெதுவாகப் போயிருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

எத்திராஜ் பின்னால் இன்ஜின் மூடிக்கருகே குந்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் கொழுந்தனார் கைதட்டினார். என் கணவர் படகை விட்டு இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். எத்திராஜின் முகத்தில் மட்டும் சந்தோஷம் இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுபவர் மாதிரி என்னிடம் வந்தார்.

"மேடம், வீட்டுல பைப்பு மாட்டறது யாரு?"

"நான்தான். பத்து, பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே தண்ணி திறந்துவிட்டு வெச்சிடுவேன். அவர் வந்து சாவியைத் திருப்பினா போதும்."

அந்தப் பதிலில் இருந்த பெருமை இப்போதும் என் காதில் ஒலிக்கிறது. எத்திராஜ் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, படகில் தொப்பியோடு உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தார்.

"நல்ல ஏற்பாடு மேடம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கே வந்து தோட்டத்துக் குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேட்டேன். உள்ளே திருகு மரை தேய்ந்துவிட்டது, திருகத் திருக உடைந்துபோகும், இனி நானே கொண்டுவந்து திறக்கிறேன் என்றார். ரப்பர் குழாயை என்னையே மாட்டச் சொன்னார். பிறகு என் கணவர் முன்னால் போய் நின்று சொன்னார்: "சார், தப்பு என்னுது. காஸ்கெட் போடறப்ப ஒரு போல்ட்டைச் சரியா முறுக்கல. மூணு தடவையும் அதே போல்ட்டு."

என் கணவர் கேட்டது ஒன்றுதான். "அப்போ படகு நல்ல படகுதானே?"

"தங்கமான படகு சார். நல்லாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கீங்க."

என் கணவர் மன்னித்துவிட்டார். மன்னிப்பதற்கு அங்கே ஒன்றும் இருந்ததாகவே அவருக்குத் தோன்றவில்லை. நான் மன்னிக்கவில்லை. ஒரே போல்ட்டை மூன்று தடவை விட்டவர் என்று எத்திராஜின் எதிரிலேயே சொன்னேன். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து, படகுச் சங்கத்தின் படகுகளை வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் தேவைப்பட்டார். எத்திராஜின் பெயரும் பேச்சில் இருந்தது. கொழுந்தனார் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். கையில் குறை இல்லை, கவனம் போதாது என்றேன். போல்ட் கதையையும் சொன்னேன். வேலை வேறொருவருக்குப் போயிற்று. கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்ன திருப்தி எனக்கு இருந்தது. அதே வாக்கியத்தை நம் சங்கத்திலும் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களுக்கு நினைவிருக்கும்.

அதன்பிறகு படகு ஒருநாளும் மக்கர் செய்யவில்லை. சனிக்கிழமைகளில் எத்திராஜ் சட்டைப்பையில் கைப்பிடியோடு வந்துவிடுவார். நான் ரப்பர் குழாயை மாட்டுவேன். என் கணவர் "தண்ணி?" என்பார், நான் "தயார்" என்பேன். எத்திராஜ் குழாய்ப் பக்கம் போகாமல் படகருகே நிற்பார். சாவி திரும்பி, இன்ஜின் உறுமத் தொடங்கிய பிறகுதான் நடந்துபோய்த் தண்ணீரைத் திறப்பார். இந்த ஒழுங்கீனம் என் கண்ணில் படாமல் போகுமா? அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றுவீர்களா என்று கேட்டேன்.

"பழக்கம் மேடம். மாத்த முடியல" என்றார்.

இன்னொரு விஷயம். குழாய்க்கு நானே ஒரு புதுக் கைப்பிடி வாங்கிப் போட்டேன். இரண்டு வாரத்தில் அதையும் காணவில்லை. தோட்டக்காரரைச் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தக் குழாயையே விட்டுவிட்டேன்.

நீர்த்தேக்கத்துக்கு இன்னும் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். ஒன்பதாவதற்கு முன்னால் என் கணவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று எத்திராஜ் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வராமல் சாயங்காலம் வரை நின்றார். அதற்கப்புறமும் மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் வந்தார். சும்மா நிறுத்திவைத்தால் துருவேறிவிடும் என்பார். சாவியை அவர் திருப்புவார். பிறகு நடந்துபோய்க் குழாயைத் திறப்பார். இரண்டு வருஷம் அப்படியே நடந்தது.

செய்தி வந்த மறுநாள் அடுகோடிக்குப் போனேன். பட்டறை ஷட்டரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவர் பெயருக்குக் கீழே மோட்டார் மெக்கானிக் என்று மட்டும் இருந்தது. படகு என்ற சொல்லையும் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பின் சந்தில் இருந்த வீட்டுக்குள் நுழைந்தேன். எத்திராஜின் மனைவி கஸ்தூரியை நான் முதல்முறையாகப் பார்த்தேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன். அன்வரும் அங்கே இருந்தார். சிறிது நேரம் கழித்துக் கஸ்தூரி உள்ளே போய், ஆணியிலிருந்து கழற்றிய இரண்டு குழாய்க் கைப்பிடிகளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"ரெண்டும் உங்க வீட்டுதுதாம்மா. உங்ககிட்ட சேத்துடணும்னு இருந்தேன்."

இரண்டாவது நான் வாங்கிப் போட்டது. மரை தேய்ந்தது குழாயில்தானே, என் புதுக் கைப்பிடியை ஏன் எடுத்தார் என்று கேட்டேன். அன்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில், தெரிந்த பழைய வேடிக்கை ஒன்றைக் கேட்டுச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

"நீங்க தண்ணி தொறந்துடக் கூடாதுன்னுதான் மேடம்."

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன்.

"இன்ஜின் ஓடாதப்ப தண்ணி தொறந்தா, புகை போற வழியில அது உள்ள ஏறிடும் மேடம். ஓடறப்பதான் புகை அதைத் தள்ளி வெளிய விடும். மொதல்ல இன்ஜின், அப்புறம் தண்ணி. நிறுத்தறப்ப மொதல்ல தண்ணி, அப்புறம் இன்ஜின். நீங்க கால் மணி நேரம் முன்னாடியே தொறந்து..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அண்ணன் உங்களுக்குச் சொல்லலியா?"

"அவர் ஒரு போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்றாரே."

"எந்த போல்ட்டு?" என்றார் அன்வர்.

முதல் தடவை எத்திராஜ் டாங்கை மட்டுமே கழுவினார், காஸ்கெட்டைத் தொடவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் சொல்லவில்லை என்று யாரைக் கேட்டேன் என்று தெரியாது. கஸ்தூரிதான் பதில் சொன்னார்.

"பயம்மா. உங்க வீட்டுக்குப் போற அன்னிக்கு மட்டும்தான் சட்டையை இஸ்திரி போடச் சொல்வாரு. நான் கேட்டேன், சொல்லிடறதுதானேன்னு. 'அந்தம்மா மூஞ்சிக்கு நேரா தப்பு உங்களுதுன்னு யாரு சொல்றது? நீ வேணா போய் சொல்லு'ன்னாரு."

"பயமெல்லாம் இல்ல பாபி" என்றார் அன்வர், அண்ணியைக் கூப்பிடும் உருது முறையில். "அன்னிக்கு ஏரியிலேருந்து வந்ததும் என்கிட்ட சொன்னது வேற. 'அந்த வீட்டுல புருஷனும் பொண்டாட்டியும் சேந்து செய்யற வேலை இது ஒண்ணுதான் அன்வர். சார் தண்ணிங்கறாரு, மேடம் தயார்ங்கறாங்க. அதுல போய் நான் கை வெக்கட்டுமா'ன்னார்."

"உன்கிட்ட பெருமைக்குச் சொல்லியிருப்பாரு. என்கிட்ட சொன்னதுதான் நெசம்."

"சரி பாபி, பயமும் சொல்ப, கொஞ்சம் இருந்துச்சு" என்றார் அன்வர்.

பக்கத்து அறையில் இருக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுவது போல இருவரும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். நான் கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. படகுச் சங்கத்து வேலை ஏன் கிடைக்கவில்லை என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் மேடம்" என்றார் அன்வர். "எனக்குக் கோபம்தான். போய் உண்மையைச் சொல்லுங்கண்ணேன்னு சொன்னேன். 'விடு, மேடம் தெரிஞ்சதைத்தான் சொன்னாங்க. தெரியாததைச் சொல்றவங்க இல்ல'ன்னுட்டார்."

வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க எனக்கு ஒன்றும் தெளியவில்லை. இதை எழுதும்போதும் தெளிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். கஸ்தூரி சொல்வது சரியென்றால், நேர்மையான ஒரு மனிதர் உண்மையைச் சொல்ல முடியாத அளவுக்கு நான் பயமுறுத்தி வைத்திருக்கிறேன். அன்வர் சொல்வது சரியென்றால், எங்கள் இருவரைப் பற்றி எங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்திருக்கிறது. இரண்டாவதைத்தான் நான் நம்ப விரும்புகிறேன். விரும்புவதாலேயே சந்தேகமும் வருகிறது. எனக்குத் தெரிய வேண்டிய ஒன்றை எனக்குச் சொல்லாமல் விட இவர் யார் என்று நடுநடுவே கோபம் வருகிறது. தவற்றைத் திருத்திக்கொள்ள மாட்டேன் என்று நினைத்துவிட்டாரா? அன்று நீர்த்தேக்கக் கரையில் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா? ஒத்துக்கொண்டிருப்பேன் என்று எழுதிவிட்டு, அந்த வரியை அடித்துவிட்டேன். மூன்று தடவை அடித்துவிட்டேன்.

தெரியாததை விட்டுவிட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். எத்திராஜ் அந்தக் காஸ்கெட்டைச் சரியாகவே பொருத்தினார். எந்த போல்ட்டையும் விடவில்லை. அவர் கையிலிருந்து போன ஒவ்வொரு தடவையும் அந்த இன்ஜின் பழுதில்லாமல்தான் போயிற்று. அதற்குள் தண்ணீரை விட்டவள் நான். தெரியாமல் செய்தேன் என்பது உண்மை. தெரியாமலே அவர்மேல் தீர்ப்புச் சொன்னேன் என்பதும் உண்மை. கொழுந்தனாரிடம் இதை நேரில் போய்ச் சொன்னேன். "இப்போ சொல்லி என்ன அண்ணி, ஆள் இல்லையே" என்றார். பெயர் இருக்கிறது, பட்டறை இருக்கிறது, அன்வர் இருக்கிறார் என்றேன். கமிட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் இந்த மலரைப் படிப்பவர் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன். தோட்டக்காரரிடமும் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அவருக்கு எதற்கென்றே நினைவில்லை.

புதன்கிழமை படகைப் பார்க்க வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னபடி அன்வரும் வந்திருந்தார். அவரைச் சாவியைத் தொட விடவில்லை. ரப்பர் குழாயை மாட்டிவிட்டு, படகில் ஏறி முதல்முறையாக நானே திருப்பினேன். இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. இறங்கிக் குழாய்க்குப் போக வேண்டும். ஏழு அடி தூரம். பின்னால் தண்ணீர் இல்லாமல் ஒரு இயந்திரம் அலறிக்கொண்டிருக்கிறது. ஓடு, தண்ணீரைத் திற, எரிந்துவிடும் என்று எனக்குள் எழுபது வருஷத்து ஒழுங்கு முழுவதும் கத்துகிறது. கைப்பிடியோடு அவசரமாக இறங்கினேன். அன்வர் பின்னாலிருந்து, "நிதானமா மேடம், டைம் இருக்கு" என்றார். நடந்துபோய்த் திறந்தேன். இன்ஜினின் குரல் தணிந்தது. வந்தவர் யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கைப்பிடிகளில் ஒன்றைக் குழாயிலேயே விட்டுவிட்டேன். இன்னொன்று என் கைப்பையில் இருக்கிறது. எத்திராஜிடமிருந்து எனக்கு எது மிஞ்சியது என்று கேட்டால் சொல்வேன். அந்த ஏழு அடி. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் அவர் குழாயை நோக்கி நடந்த ஏழு அடி. என் கண்முன்னால் அதை எத்தனையோ சனிக்கிழமைகள் நடந்து காட்டினார். அதெல்லாம் தப்பு என்று சொல்லிக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.